பல்லுக்குக் கிளிப் வந்த கதை

மாம்பழ சீசனில் பெரியகுளம், தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி வட்டாரத்தில் பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளையைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றதெல்லாம் பழத்தை அப்படியே கடித்து, சாறு முழங்கை வரை வழிய, கொட்டையைச் சப்பிக்கொண்டு நிற்கும். இது மட்டும் அம்மா நறுக்கிக் கொடுத்த துண்டுகளைக் கிண்ணத்தில் வைத்துத் தின்னும். அப்படியும் ஒரு நார் கம்பியில் மாட்டிக்கொண்டால் கண்ணாடி முன்னால் நின்று நோண்ட வேண்டியதுதான். முறுக்கு கூடாது, பொங்கலுக்குக் கரும்பு கூடாது. மாதம் ஒருமுறை வத்தலக்குண்டுக்கோ தேனிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிக் கம்பியை முறுக்கிக்கொண்டு வரவேண்டும். வந்த அன்றும் மறுநாளும் தயிர்சாதம்தான்.

இத்தனை பாட்டுக்கும் காரணமான அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பல் வைத்தியர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தது அதில் கொஞ்சம்தான். மீதி எல்லாம் வேறு தொழில்களில் வாங்கியது.

பல்லை நகர்த்தலாம் என்ற எண்ணம் மட்டும் ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்திய நூல் எழுதிய செல்சஸ், பால்பல் விழுவதற்கு முன்பே புதுப்பல் முளைத்துவிட்டால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லைத் தினமும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளச் சொல்கிறார். நம் பாட்டிமார் செல்சஸைப் படித்ததில்லை. ஆனாலும் பல் விழுந்த குழியை நாக்கால் துழாவாதே, எத்துப்பல் முளைக்கும் என்று அதட்டுவார்கள். சூப்புகிற கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். விரல் சூப்புவது வருடக்கணக்கில் நீண்டால் மேல்வரிசை முன்பற்கள் வெளியே தள்ளும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

விரல் செய்த வேலையை உலோகத்திடம் ஒப்படைத்தவர் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுக்காரர். 15 வயதில் கடற்படையில் சேர்ந்து, அங்கே அறுவை வைத்தியரிடம் தொழில் படித்தவர். மாதக்கணக்கில் பழமோ காய்கறியோ காணாத கப்பல்களில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்து ஈறு அழுகும், பல் ஆடும். அந்த வாய்களில்தான் அவருக்குப் பல்லைப் பற்றிய படிப்பு. 1728-இல் இரண்டு பாகமாக ஒரு நூல் வெளியிட்டார். அதில் குதிரை லாடம் போல வளைந்த ஒரு தகடு வருகிறது. தங்கத்திலோ வெள்ளியிலோ செய்து, வரிசையாக ஓட்டை போட்டு, நூலால் பல்லோடு கட்டுவார். உள்ளே சாய்ந்த பல் நாளாக நாளாகத் தகட்டை நோக்கி வரும். அவசரக்காரர்களுக்கு வேறு வழியும் வைத்திருந்தார். ‘பெலிக்கன்’ என்ற குறடால் கோணல் பல்லை ஒரே மூச்சில் திருப்பி, பக்கத்துப் பல்லோடு கட்டிவிடுவது. மயக்கமருந்து இல்லாத காலம் அது என்பதை மறக்கவேண்டாம்.

1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சூடுபடுத்தி, வெயிலுக்கு உருகாத, குளிருக்கு உடையாத ரப்பரைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளிலேயே அது வாய்க்குள் போய்விட்டது. மேல்தாடைப் பல்லுக்கும் கீழ்தாடைப் பல்லுக்கும் குறுக்கே இன்று பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் குட்டி ரப்பர் வளையத்தின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

ஆனால் அதுவரை ஒவ்வொரு வைத்தியரும் தனக்குத் தோன்றியதைச் செய்துகொண்டிருந்தார். எது கோணல், எது நேர் என்பதற்கே பொதுக்கணக்கு இல்லை. அதைப் போட்டவர் எட்வர்ட் ஆங்கிள். 1855-இல் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், கைவேலைக்காரர், முன்கோபி. ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் பெரிய கடைவாய்ப்பல்லை அடையாளக்கல்லாக வைத்துக்கொண்டு, மேலும் கீழும் அது எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பார்த்து, கோணல் வாய்களை மூன்று வகையாக 1899-இல் பிரித்தார். உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். பல் சீரமைப்புக்கென்றே 1900-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். உதிரிபாகங்களை ஒரே அளவில் செய்து விற்கவும் ஏற்பாடு செய்தார்.

1925-இல், 70 வயதில், அவர் கொண்டுவந்ததுதான் கிளிப்பின் இன்றைய உருவம். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு உலோகத் துண்டு, அதன் நடுவே ஒரு பள்ளம், அந்தப் பள்ளங்களைக் கோத்துக்கொண்டு ஓடும் செவ்வகமான ஒரு கம்பி. பள்ளத்தின் உயரம் 0.022 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உருண்டைக் கம்பி பல்லைச் சாய்க்கத்தான் செய்யும். பட்டையான பக்கங்கள் உள்ள கம்பி பள்ளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்து, பல்லின் வேரையே திருப்பும். நூறு வருடம் ஆகியும் ஏராளமான கிளிப்புகளில் அந்த அளவு மாறவில்லை.

ஆங்கிளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அழகான முகத்துக்கு அவர் அளவுகோலாக வைத்தது அப்பல்லோவின் சிலை. அதை வைத்து அளந்தால் நம் வட்டாரத்தில் பாதி முகங்கள் தேறாது. பின்னாளில் இந்திய முகங்களுக்கென்று நம் ஆராய்ச்சியாளர்கள் தனியாக அளவு எடுக்கவேண்டி வந்தது. ஜப்பானிலோ 2011 வாக்கில் இளம்பெண்கள் காசு கொடுத்துத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக்கூடாது என்பதிலும் ஆங்கிள் பிடிவாதமாக இருந்தார். இடமில்லாத தாடையில் எல்லாப் பல்லையும் அடுக்கினால் உதடு தூக்கிக்கொள்ளும், பல்லும் திரும்ப இடம் மாறும். இதைப் பார்த்துப் பிடுங்கும் முறைக்கு மாறியவர் அவருடைய மாணவரே, சார்லஸ் ட்வீட். குருவிடம் கற்றதைக் குரு போனபின்தான் மாற்ற முடிந்தது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பல் எலும்பில் நேராக நட்டு வைத்தது அல்ல. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான நார்ப்படலம் ஒன்று உண்டு. கம்பி ஒரு பக்கமாக அழுத்தினால், அந்தப் பக்கத்து எலும்பை உடம்பே கரைக்கிறது. எதிர்ப்பக்கம் புது எலும்பு கட்டுகிறது. நாய்களின் பல்லில் சோதித்து 1904-இல் இதைக் காட்டியவர் ஸ்வீடன்காரர் கார்ல் சாண்ட்ஸ்டெட். இது மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நடக்கிற வேலை. கம்பியை அதிகம் முறுக்கினால் சீக்கிரம் முடியாது, ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் மரத்துத் தாமதம்தான் ஆகும். ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும் என்று டாக்டர் சொல்வது இழுத்தடிக்க அல்ல.

முதலில் கம்பி தங்கம். பிரிட்டனில் ஹாரி பிரியர்லி 1913-இல் உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகுதான் அதைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. அப்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு உலோக வளையம் மாட்டி, அதில்தான் துண்டைப் பற்றவைக்க வேண்டும். சிரித்தால் வாய் முழுக்க இரும்பு. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பெயிண்ட் ஒட்டுவதற்காக உலோகத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்கும் தொழிற்சாலை வழக்கத்தைப் பல்லின் எனாமலில் செய்து பார்த்தார். பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவிய பல்லில் பசை கெட்டியாகப் பிடித்தது. அதன்பிறகு முன்பற்களுக்கு வளையம் தேவைப்படவில்லை. இன்று பல்லின் மேல் நேராக ஒட்டுகிற சின்னத் துண்டு பெயிண்டர்களின் உபயம்.

அடுத்தது ஏவுகணை. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணையின் முனைக்காக உலோகம் தேடியபோது நிக்கலும் டைட்டானியமும் கலந்த ஒன்று கிடைத்தது. 1961-இல் ஒரு கூட்டத்தில், மடித்து மடித்துக் கசக்கியிருந்த அதன் பட்டையை ஒரு அதிகாரி பைப் லைட்டரில் சூடு காட்டினார். பட்டை தானாக நிமிர்ந்துவிட்டது. எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும் இந்தக் கம்பியை 1970-களின் தொடக்கத்தில் பல்லுக்குக் கொண்டுவந்தவர் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன்.

அதே பல்கலைக்கழகத்தில்தான் 1915-இல் ரஃபியுத்தீன் அகமது படித்து முடித்தார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் அவர் தொடங்கினார். பணம்? ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற தன் கடையின் வருமானம். சோடா விற்ற காசில் பல் வைத்தியம் வளர்ந்தது! சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து 1953-இல் பல் மருத்துவப் படிப்பு வந்தது. பல் சீரமைப்பு நிபுணர்களின் இந்தியச் சங்கம் 1965-இல் உருவானது. பெருநகரத்துப் பிள்ளைகளின் வாயிலிருந்து கெங்குவார்பட்டிப் பிள்ளைகளின் வாய்க்குக் கிளிப் வர இன்னும் பல வருடம் பிடித்தது.

கடைசி வாரிசு கம்பியே இல்லாத, கண்ணாடி போன்ற உறை, அலைனர். 1997-இல் கலிபோர்னியாவில் ஜியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் நிறுவனம் தொடங்கினார்கள். இருவரும் பல் டாக்டர்கள் இல்லை. பெரியவனான பிறகு கிளிப் போட்டுக் கழற்றிய சிஷ்டி, பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னரைச் சரியாகப் போடாமல் விட்டிருக்கிறார். பல் நகர்ந்துவிட்டது. திரும்ப மாட்டியதும் பழைய இடத்துக்கு வந்தது. அப்படியானால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உறைகளைப் போட்டே பல்லை நகர்த்தலாமே என்று தோன்றியதாகச் சொல்வார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பல்லைச் சரிசெய்ய வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்கு வெனீர், கேப் என்று குறுக்குவழி காட்டப்படும். இதைத் தந்தது சினிமா. ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் 1930-களில் ஷெர்லி டெம்பிளின் விழுந்த பால்பல்லை மறைக்க மெல்லிய பீங்கான் ஓடு செய்து கொடுத்தார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடலாம். இன்று ஒட்டுவதற்குப் பெரும்பாலும் நல்ல பல்லைச் சீவுகிறார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. கறை போக இதைச் செய்துகொள்ளலாம். கோணலுக்கு, அதுவும் 20 வயதில், செய்துகொள்ளக்கூடாது என்பது என் கட்சி.

பிள்ளையை 7 வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். காட்டும் இடத்தில் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் சீரமைப்பு மேற்படிப்பு, படித்தவர் இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் செலவு குறையும், மதுரையிலேயே உண்டு. கிளிப் கழற்றிய பிறகு ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதனால் அன்று கொடுக்கும் ரீடெய்னரை டப்பாவோடு அலமாரியில் வைத்துவிடாமல், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை ராத்திரியில் மாட்டச் சொல்லுங்கள்.