காவல் கோபுரத்தில் ஒரு நட்சத்திரம்

1990 செப்டம்பரில் பெர்லின் சுவரின் பழைய எல்லைப் பகுதிக்குப் போனவர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்தார்கள். கிழக்கு ஜெர்மனிக் காவலர்கள் துப்பாக்கியோடு நின்ற கண்காணிப்புக் கோபுரம் ஒன்றின் உச்சியில், மெர்சிடிஸ் நட்சத்திரம் நியான் ஒளியில் சுழன்றுகொண்டிருந்தது. நிறுவனம் வைத்த விளம்பரம் இல்லை அது. ஹான்ஸ் ஹாக்கே என்ற ஜெர்மானியக் கலைஞர் வைத்தது. 'சுதந்திரத்துக்கு இனி ஸ்பான்சர் கிடைக்கும், சில்லறைக் காசிலிருந்தே' என்பதாகத் தலைப்பின் பொருள். அலுவலகங்களில் பெட்டி கேஷ் என்போமே, தபால்தலை வாங்க ஒதுக்கிவைக்கும் காசு, அந்தச் சில்லறை.

ஹாக்கே வெறும் கிண்டல்காரர் அல்ல. 1971இல் நியூயார்க்கின் கக்கன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய கண்காட்சியையே ரத்து செய்தது. மன்ஹாட்டனில் ஒரு குழுவிடம் குவிந்திருந்த கட்டடங்களின் புகைப்படங்களையும் சொத்து விவரங்களையும் அவர் சுவரில் மாட்டவிருந்தார். விவரமெல்லாம் பொது ஆவணங்களில் இருந்தவைதான். கோளாறு எங்கே என்று தெரிய நாங்கள் சர்வர் லாக்கைப் புரட்டுவோம். அவர் பத்திரப் பதிவைப் புரட்டினார்.

பெர்லினிலும் பதிவேடு ஒன்று இருந்தது. 1990 ஜூலையில், இரண்டு ஜெர்மனிகளும் சட்டப்படி ஒன்றாவதற்கு முன்பே, போட்ஸ்டாமர் சதுக்கத்தில் பெரும் நிலப்பரப்பு ஒன்றை மேற்கு பெர்லின் நகர அரசு டைம்லர்-பென்ஸுக்கு விற்றது. விலை 9.29 கோடி மார்க். 1992இல் ஐரோப்பிய ஆணையம் கணக்குப் பார்த்து, விலை குறைவு, இது நிறுவனத்துக்குக் கொடுத்த அரசு உதவிதான் என்று சொல்லி, இன்னும் 3.38 கோடி மார்க் கட்டச் சொன்னது. கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

அது தனியான சம்பவமும் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் ஏறத்தாழ 8,500 அரசு நிறுவனங்களும் சுமார் 40 லட்சம் தொழிலாளர்களும் அப்போது ட்ராய்ஹாண்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்திருந்தார்கள். விற்பது, விலை போகாததை மூடுவது. 1994 முடிவதற்குள் அதன் வேலை முடிந்தது. 'மக்கள் சொத்து' என்று பெயர் வைத்திருந்ததை விற்கும்போது மக்களிடம் யாரும் விலை கேட்கவில்லை.

ஹாக்கேயின் கோபுரம் பழைய அரசுக்காக ஏங்கவில்லை. சுட்டுக்கொன்ற அரசின் கோபுரம் அது, அவருக்குத் தெரியாதா என்ன? அவர் கேட்டது வேறு. காவலர் இறங்கிப் போனார், சரி; காலியான உச்சியில் ஏறியது யார்? பொதுச் சொத்து கைமாறுவது பெரும்பாலும் கொண்டாட்டத்தின் நடுவேதான். வெடிச்சத்தத்தில் பத்திரம் வாசிக்கும் குரல் கேட்பதில்லை. அவர் அதை விற்பனை நடக்கிற வருடத்திலேயே காட்டினார்.

அதனால் விற்பனை நிற்கவில்லை. சதுக்கத்தில் டைம்லரின் கட்டடங்கள் எழுந்தன. 1999இல் அங்கேயே நிறுவனம் தன் நவீனக் கலைச் சேகரிப்புக்கு ஒரு காட்சிக்கூடமும் திறந்தது. எட்டு வருடம் கழித்து, 2007இல், அந்த வளாகத்தையே விற்றுவிட்டது.