சோற்றோடு போன உப்பு

தாசேக் கெலுகோரில் நடந்த எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. நான் மருத்துவம் படித்தவர் அல்ல. தொடர்புத்துறையில் டிப்ளோமா பெற்று, ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைப்பவர். எனவே இதனை மருத்துவ ஆலோசனையாக அல்லாமல் ஒரு வரலாறாகவே ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நான் தயாரித்து வைத்திருந்த உரை வேறு. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னரே பின்வரிசையில் இருந்து ஓர் அண்ணன் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், லாரி ஓட்டுநர். "தங்கச்சி, மூணு வாரமா நான் சோத்தையே தொடல. கீட்டோவாம், மகன் போன்ல பார்த்துச் சொன்னான். ஆறு கிலோ இறங்கிருச்சு. ஆனா லாரியில இருந்து கீழ இறங்குறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இனிப்புநீருக்கும் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுறேன். இது எதனால?" என்று கேட்டார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, அவருக்குப் பதில் சொல்வதாகவே பேசினேன்.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே உணவுமுறையில் இறங்கியவள்தான். ஐந்தாம் நாள், ஒரு நேர்காணல் பதிவு. நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் ஸ்டூடியோ விளக்குகள் எல்லாம் ஒன்றாய்ச் சுழன்றன. ஒளிப்பதிவாளரின் முக்காலியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. "சீனி குறைஞ்சு போச்சு" என்று ஆளாளுக்குச் சொல்லி, இனிப்புக் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன், கிறுகிறுப்பு போகவில்லை. மாலையில் அம்மா கொடுத்த ஆட்டெலும்பு சூப்பைக் குடித்த பிறகுதான் தலை நின்றது. காப்பியால் முடியாததைச் சூப்பு எப்படிச் செய்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு முழுதும் எனக்குக் கிடைத்தது.

முதலில் நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். வட செபராங் பிறை நெல் விளையும் மாவட்டம். அரிசிக்கும் நோய்க்கும் உள்ள உறவை உலகத்துக்குக் காட்டிய நாடுகளில் மலாயாவும் ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போயிற்று. தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதனைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். நம் தோட்டத் தொழிலாளர்கள் புழுங்கல் அரிசி உண்டார்கள். இதுதான் வித்தியாசம் என்று 1907-ஆம் ஆண்டில் நூலே எழுதினார்.

அதற்கு முன்பே, கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார். கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயத்தில் நடுவில் இரு பிரிவினரின் இடத்தையும் மாற்றினார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவர்கூட இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னர்தான் வந்தது. நம் முன்னோர் இதை அறிந்து செய்தார்கள் என்று மேடையில் முழங்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் ஊரில் உண்டதை இங்கும் உண்டார்கள், அவ்வளவே. பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது.

அரிசியைத் தீட்டியபோது கண்ணுக்குத் தெரியாமல் அதோடு போனது தவிட்டில் இருந்த உயிர்ச்சத்து. அரிசியையே விட்டுவிடும்போது அதோடு சேர்ந்து போவது எது? லாரி அண்ணனின் கேள்வி இதுதான்.

மாவுச்சத்தைக் குறைத்து நோயை அடக்கலாம் என்ற எண்ணம் புதியதல்ல. 1797-இல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர், இனிப்புநீர் கண்ட ஒரு படைத்தலைவருக்கு இறைச்சியும் கொழுப்பும் கொடுத்து நோயை அடக்கிய கதையை வெளியிட்டார். அதைவிடப் புகழ் பெற்றவர் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பேண்டிங். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். 66 வயதில் 202 ராத்தல், அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து காலணியின் கயிற்றைக்கூடக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்புறமாகவே இறங்குவார். ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார் அவருடைய மருத்துவர். 46 ராத்தல் இறங்கியது. 1863-இல் அதனைச் சிறு நூலாக அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் அவர் தட்டில் கொஞ்சம் வாட்டிய ரொட்டியும், சாப்பாட்டோடு திராட்சை மதுவும் இருந்துகொண்டே இருந்தன. இன்றைய கீட்டோ அளவுக்கு அது கடுமையானதல்ல.

கடுமையான முறையில் இறங்கியவர்கள் தலைசுற்றலைச் சந்திக்காமல் போகவில்லை. 1878 முதல் 1880 வரை கனடாவின் வடதுருவப் பனியில் பயணம் செய்த அமெரிக்க அதிகாரி ஷ்வாட்கா, வெறும் கலைமான் இறைச்சியில் வாழத் தொடங்கினால் முதலில் உடல் வலுவிழந்து போகும், இரண்டு மூன்று வாரத்தில் அது தீரும் என்று குறித்து வைத்தார். 1928-இல் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி, நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் முன்னிலையில் இறைச்சி மட்டுமே உண்ணும் சோதனைக்கு முன்வந்தார். தொடக்கத்தில் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்தார்கள். சில நாளிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்து சோர்ந்து போனார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறிக்கொண்டார். சோற்றையும் விட்டு, பயத்தில் எண்ணெயையும் விட்டு, தோலுரித்த கோழியை வேகவைத்துத் தின்றுகொண்டு "எனக்குக் கீட்டோ ஒத்துக்கொள்ளவில்லை" என்போரை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். ஸ்டெஃபான்சன் பட்டதைத்தான் அவர்களும் படுகிறார்கள்.

கீட்டோ என்ற பெயர் பிறந்தது உடல் இளைக்க விரும்பியவர்களிடம் அல்ல. 1921-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் ரசல் வைல்டர் என்ற மருத்துவர், காக்காய் வலிப்பு கண்ட நோயாளிகளுக்காக இதனை முன்மொழிந்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது முன்பே தெரியும். பட்டினியில் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் பொருளை உண்டாக்குகிறது. பட்டினி போடாமலே அந்நிலையைக் கொண்டுவர முடியுமா என்பதே அவர் யோசனை. அதே மருத்துவமனையின் பீட்டர்மன் பின்னர் அளவுகளை வகுத்தார்: ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து மட்டும். ஒரே ஒரு ரொட்டி சானாயில் அதைவிட அதிகம் இருக்கிறது.

குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தபோது உணவை நிறுத்துக் கொடுத்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு என்று பக்க விளைவுகளும் காலப்போக்கில் பதிவாயின. 1938-இல் பெனிடாயின் மாத்திரை வந்ததும் இந்த உணவு பின்னுக்குப் போயிற்று. 1990-களில்தான் மீண்டும் பேசப்பட்டது. இன்றோ அது நம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. நிறுத்துக் கொடுத்த தாதியும், சோதித்துப் பார்த்த மருத்துவரும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார்கள்.

இடையில் நடந்த ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் புரத நீர்மம் ஒன்றை மட்டும் குடித்து இளைக்கும் மோகம் பரவியது. விலங்குத் தோலிலிருந்து எடுத்த தரம் குறைந்த புரதம் அது. தேவையான தாதுக்களும் போதவில்லை. ஏறத்தாழ 60 மரணங்கள் விசாரணைக்கு வந்தன. பலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகிப் போயிருந்தது. பட்டினிக்கு ஈடான அந்த உணவும் கீட்டோவும் ஒன்றல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு மருத்துவர்கள் உப்பையும் பொட்டாசியத்தையும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

விடை அங்கேதான் இருந்தது. இன்சுலின் சீனியை மட்டும் கவனிப்பதில்லை, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அதுவே சொல்கிறது. இதை 1975-இல் டிஃப்ரான்சோ குழுவினர் காட்டினார்கள். மாவுச்சத்தை நிறுத்தினால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடும். உப்பு போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்தும் தன்னோடு வைத்திருந்த நீரை விட்டுவிடும். முதல் வாரத்தில் "மூன்று கிலோ இறங்கிவிட்டது" என்று நாம் துள்ளிக் குதிக்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்த நீர்தான். இரத்தத்தின் அளவு குறைந்துபோவதால், உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் மூளைக்கு ஒரு கணம் இரத்தம் எட்டாது. கண் இருட்டுகிறது. 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே அளந்து காட்டியது: ஒரே அளவு கலோரியில், மாவுச்சத்து இல்லாத உணவு உண்டவர்களே அதிக உப்பை இழந்தார்கள், எழுந்து நிற்கும்போது அவர்களுக்கே இரத்த அழுத்தம் சரிந்தது. தலைவலி, சோர்வு, படபடப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இதே உப்பு நீர் இழப்புதான் காரணம். வாயில் வரும் ஒரு மாதிரி நெடி வேறு, அது கீட்டோனுடையது.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். நாம் சோற்றைப் பெரும்பாலும் உப்பில்லாமல் வடிக்கிறோம். உப்பு எதில் இருக்கிறது? சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில், அப்பளத்தில், கருவாட்டில். இவை எல்லாம் சோற்றுக்குத் துணையாக வருபவை. சோறு இல்லையென்றால் ரசத்தை எதில் ஊற்றுவது? ஆக, ஒரு தமிழர் சோற்றை விட்டால் உப்பும் அவரை அறியாமலே குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே வருவதும் குறைகிறது. போதாக்குறைக்கு நம் நாட்டு வெயிலில் வியர்வை வேறு. அம்மாவின் சூப்பு செய்த மாயம் இவ்வளவுதான். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது இதற்கு மருந்தாகாது. இருக்கும் உப்பையும் அது நீர்க்கச் செய்யும்.

"உப்பைக் குறை என்று அரசாங்கமே சொல்கிறதே" என்று ஓர் அம்மா அங்கேயே கேட்டார். நியாயமான கேள்வி. அது பொதுவான உணவு உண்போருக்கான அறிவுரை, சரியான அறிவுரை. சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கீட்டோவில் இருந்தாலும் தம் இஷ்டத்துக்கு உப்பைக் கூட்டக் கூடாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2010-களில் நியாண்டர் செல்வனின் எழுத்துகள் வழியாகவும், முகநூலில் இயங்கிய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவின் வழியாகவும் பேலியோ என்ற பெயரில் இவ்வகை உணவு பரவியது. அவர்கள்கூட இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் உணவுப் பட்டியல் தந்தார்கள். கைப்பேசிக் காணொளி யாரிடமும் அறிக்கை கேட்பதில்லை.

லாரி அண்ணனின் கேள்வியில் எனக்குப் பயம் தந்தது தலைசுற்றல் அல்ல, மாத்திரை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நம்மில் மூன்றில் ஒருவருக்குச் சற்றே குறைவு. இவர்கள் சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் என்ன ஆகும்? கிளிக்லாசைடு போன்ற மாத்திரையும் இன்சுலின் ஊசியும் சீனியை அபாயமான அளவுக்கு இறக்கிவிடலாம். அப்போது வருவது உப்புக் குறைவின் கிறுகிறுப்பு அல்ல. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், புத்தி தடுமாறும். அதற்குச் சூப்பு உதவாது, உடனே சீனிதான் வேண்டும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து: இரத்தத்தில் சீனி அதிகம் ஏறாமலே கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இலேயே இதனை எச்சரித்தது. குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் "கீட்டோ அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொதிப்பு மாத்திரையும் அப்படியே. உடலில் நீர் குறைந்து அழுத்தம் தானாகவே இறங்கியிருக்க, மாத்திரையும் சேர்ந்து இறக்கினால் ஆள் நிற்க முடியாது.

இதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அவர் அளவை மாற்றிக் கொடுப்பார். கீட்டோ வேண்டாம் என்பவருக்கு நம் சுகாதார அமைச்சின் 'சுகு சுகு செப்பாரோ' தட்டு இருக்கிறது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, அரைப் பங்கு காய்கறியும் பழமும். வலிப்புக்காரக் குழந்தைக்கு உள்ள கட்டாயம் நமக்கு இல்லை என்பதால், நான் இப்போது அந்தத் தட்டுக்குத்தான் திரும்பியிருக்கிறேன்.

பேசி முடித்து இறங்கியதும் அந்த அண்ணன் காரிலிருந்து மருந்துப் பையை எடுத்து வந்து காட்டினார். மூன்று வகை மாத்திரைகள். "இது எதுக்குண்ணே?" என்று ஒன்றைக் காட்டிக் கேட்டேன். "அதுவா, கொதிப்புக்குத்தான். நீர் நல்லாப் போகும்னு தாதி சொன்னாங்க" என்றார். நீர் மாத்திரை. கீட்டோவும் நீரை இறக்க, அதுவும் நீரை இறக்க, இவர் மூன்று வாரமாக நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாளைக் காலை பசியாறியவுடன் பையோடு கிளினிக்குக்குப் போகவும், அதுவரை வண்டியைத் தொடாமல் இருக்கவும் கேட்டுக்கொண்டேன். சரி என்று தலையாட்டினார். அன்றிரவு காரை அவருடைய மகன்தான் ஓட்டிச் சென்றார்.