கலந்த குரல் பிரியாது: லினக்ஸ் ஒலிப்பதிவு வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் குயி மொழி பேசும் மூதாட்டியர் இருவரின் உரையாடலை என் முதல் களப்பணியில் பதிவு செய்தேன். ஆளுக்கொரு ஒலிவாங்கி, நான்கு உள்ளீடுகள் கொண்ட யு.எஸ்.பி. மிக்சர், லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி. அறைக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்தபோது இரு குரல்களும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. ஒருவர் பேச்சின்மீது மற்றவர் பேச்சு ஏறிய இடங்களை இன்றுவரை பிரித்து எழுத இயலவில்லை. அவ்விருவருள் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. பிழை லினக்சினுடையது என்றே அன்று நம்பினேன். அதன் வரலாற்றைப் படித்த பிறகே தெளிவு பிறந்தது.

லினக்சின் ஒலி வரலாறு 1992இல் தொடங்குகிறது. ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு எழுதிய இயக்கி, பின்னர் ஓ.எஸ்.எஸ். என வளர்ந்தது. அதன் மேம்பட்ட வடிவம் வணிக உரிமத்துக்குள் சென்றது. செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய ஆல்சா திட்டமோ முற்றிலும் கட்டற்றது. 2002இல் கருனியின் வளர்நிலைப் பதிப்பில் இணைந்த ஆல்சா, 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்பின் வழியே பரவலாயிற்று.

அதே 1998இல் யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான பொது விதித்தொகுப்பும் வெளிவந்தது. அதன்படி, இணைக்கப்பட்டதும் கருவி தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்: தடங்கள் எத்தனை, மாதிரி வீதம் என்ன, பிட் அளவு என்ன என்று. இவ்வறிமுகத்தைப் படிக்கும் ஒரே இயக்கி ஆல்சாவில் இருப்பதால், விதிக்குட்பட்ட கருவி எதுவும் தயாரித்த நிறுவனத்தின் தயவின்றியே லினக்சில் இயங்கும். உதவித்தொகையை நம்பிக் களத்துக்குச் செல்லும் நம்மைப் போன்றோர்க்கு இது சிறு பேறன்று.

ஆனால், கருவி அறிவிக்காத தடத்தை எந்த இயக்கியாலும் உண்டாக்க முடியாது. விலை குறைந்த மிக்சர்கள் பலவும், எத்தனை ஒலிவாங்கிகளை ஏற்றாலும், கணினிக்கு அனுப்புவது கலந்து முடிந்த இடம், வலம் என்னும் இரு தடங்களை மட்டுமே. மேடைக்கென உருவான கருவிக்குக் கலப்பதே தொழில். அன்று என் மிக்சரின் பான் குமிழ்கள் இரண்டும் நடுவில் நின்றன. ஒன்றை இடக்கோடிக்கும் மற்றதை வலக்கோடிக்கும் திருப்பியிருந்தால், அவ்விரு தடங்களிலேயே இரு குரல்களும் பெரும்பாலும் தனித்து நின்றிருக்கும். இயக்கி தன் கடமையைச் சரியாகவே செய்தது. தவறியது என் கை.

களத்துக்குப் புறப்படும் நண்பர்களே, உங்கள் கருவி எத்தனை தடங்களை அறிவிக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மூவர் பேசுவதாயின் மூன்று தடங்களையாவது தனித்தனியே அனுப்பும் கருவி வேண்டும். ஒரு நிமிடம் பதிந்து, ஒவ்வொரு தடத்தையும் தனியே கேட்டுப் பார்த்த பின்னரே பேசுவோரை அமரச் சொல்லுங்கள்.