குழாயில் அறுத்த நான்கு பல்

புல்லட்டின் அடியில் ஒரே ஒரு பிளக்கைக் கழற்றி, வடிந்ததைப் பிடித்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றி அனுப்புகிறவனை எங்கள் மேஸ்திரி மெக்கானிக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். "அவன் ஆயில் மாத்தலடா, பழசுல புதுசக் கலக்குறான்" என்பார். ராயப்பேட்டையில் அவர் வைத்திருந்த பட்டறையில் எழுபதுகளின் கடைசியில் நான் பையனாகச் சேர்ந்தேன். அங்கே சுவரில் மாட்டியிருந்த சாமான்களில் பாதி எந்தக் கடையிலும் கிடைக்காது. அவரே அடித்தது, அறுத்தது, பற்றவைத்தது.

அது சிக்கனத்தால் மட்டும் வந்த பழக்கமில்லை. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் நம்மூர் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டதுதான் அதற்குப் பெரிய காரணம். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன, 1962 வாக்கில் எல்லாமே இங்கேயே தயாராயின. வண்டியோடு இங்கிலாந்தின் இன்ச் மரையும் கூடவே வந்துவிட்டது. நாடோ 1956-ல் மெட்ரிக் சட்டம் போட்டு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. கடையில் கிடைத்ததெல்லாம் எம்.எம். பானா. இன்ச் நட்டில் அதைப் போட்டால் கொஞ்சம் ஆடும், அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கும். பிறகு உளியை வைத்துத் தட்டுவார்கள். ஆறு மூலையும் போய் உருண்டையாகிப்போன டிரெயின் பிளக்கைப் பழைய புல்லட்டுகளில் இன்றைக்கும் பார்க்கலாம்.

எங்கள் மேஸ்திரி புதுப்பேட்டையில் உடைந்த லாரிப் பட்டை வாங்கி வருவார். அரிவாள் அடிப்பதற்கும் அதே இரும்புதான். கொல்லுப் பட்டறையில் காய்ச்சி, வாயை வெட்டி, பிளக்கின் தலைக்குச் சரியாக உட்காரும்வரை அரத்தால் ராவுவார். கைப்பிடி நீளம் ஒரு முழத்துக்குக் குறையாது. என்ஜின் சூடாக இருக்கும்போதே கழற்ற வேண்டும், அப்போதுதான் ஆயில் இளகி அழுக்கோடு சேர்ந்து இறங்கும். பிடி குட்டையாக இருந்தால் கை சைலன்ஸரில் படும்.

புல்லட்டில் ஆயில் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். தனி டேங்க் கிடையாது. கிராங்க் கேஸ் வார்ப்புக்குள்ளேயே பின்பக்கம் ஒரு அறை, அதுதான் டேங்க். அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலை எடுத்துப் பிக்-எண்டுக்குத் தள்ளும், வேலை முடிந்து கீழே சம்ப்பில் விழுவதை இன்னொரு பம்ப் திரும்பத் தூக்கும். வண்டி நான்கைந்து நாள் நின்றுவிட்டால் டேங்க் ஆயில் பம்ப் வழியாகவே கசிந்து சம்ப்புக்கு வந்துவிடும். டேங்க் பிளக்கை மட்டும் கழற்றியவனுக்குக் கொஞ்சம்தான் வடியும். உள்ளே கொள்ளுவது ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர். மூன்றாவது இடம் வலப்பக்க டைமிங் கவரில் இருக்கும் ஃபில்டர் அறை. அதற்குள் ஃபெல்ட் என்கிற கம்பளிக் குழல். மெக்கானிக் யார் என்று அந்த மூன்றாவது இடத்தில் தெரிந்துவிடும்.

வடிவதைப் பிடிக்க 15 கிலோ எண்ணெய்த் தகரம். நிமிர்த்திவைத்தாலும் படுக்கவைத்தாலும் என்ஜினுக்கு அடியில் நுழையாது. படுக்கவைத்து நான்கு விரல் உயரத்துக்கு அறுத்து, விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்டியிருப்பார். ஒரு மூலையில் மட்டும் மடிக்காமல் மூக்கு மாதிரி இழுத்துவிட்டிருக்கும், டிரம்மில் ஊற்றும்போது சிந்தாது. அந்தத் தட்டில் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று கிடக்கும். வடிந்து முடிந்ததும் காந்தத்தைத் துடைத்து வெயிலில் காட்டுவார். ஒட்டியது இரும்பு, பல்சக்கரமோ பேரிங்கோ தேய்கிறது. ஒட்டாமல் தட்டின் அடியில் மினுங்கினால் பிஸ்டனையோ பிக்-எண்டு புஷ்ஷையோ சந்தேகப்பட வேண்டும். வண்டிக்காரர் வாயைத் திறக்கும் முன்பே அவர் வண்டி ஓட்டும் லட்சணத்தை மேஸ்திரி சொல்லிவிடுவார். ஜோசியம் என்று நினைத்தவர்களும் உண்டு.

செம்பு வாஷரை யாரும் தூக்கி எறியமாட்டார்கள். ஸ்டவ் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். ஃபெல்ட்டை மண்ணெண்ணெயில் அலசி இரண்டாம் முறை போடுவது அந்தக் காலத்தில் சகஜம். எனக்கு அது அப்போதே பிடிக்காது, அலசிய கம்பளி அமுங்கிப்போய்விடும். போடும்போது ஃபில்டர் அறையில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் மூட வேண்டும். காலி அறையோடு ஸ்டார்ட் செய்தால் அது நிரம்பும்வரை பிக்-எண்டுக்கு ஆயில் போகாது. அதனால் டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பல தடவை உதைப்போம். ஸ்டார்ட் ஆனதும் மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவோம். ஆயில் கசிந்தால் பம்ப் இழுக்கிறது என்று அர்த்தம்.

ஜாவா, யெஸ்டி வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துவிட்டால் போதும், மாற்றுவதற்கு இருப்பது கியர் ஆயில் மட்டும்.

1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. கொள்ளுவது ஒரு லிட்டர் அளவுதான், அடியில் ஒரே பிளக். எல்லாரும் சுலபம் என்று நினைத்தார்கள். ஆனால் அதில் ஃபெல்ட்டும் இல்லை, காகிதமும் இல்லை. கிராங்க்கின் வலது முனையில் ஒரு கிண்ணம் சுற்றும். சுற்றும் வேகத்தில் அழுக்கு சுவரில் ஒதுங்கிக் கண்மை போலப் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றினால் இது வராது. கிக்கரைக் கழற்றி, வலப்பக்கக் கவரைத் திறந்து, மூன்று ஸ்குரூவில் நிற்கும் மூடியை எடுக்க வேண்டும். கவருக்கு அடியில் செருகியிருக்கும் கம்பி வலையையும் உருவிக் கழுவ வேண்டும்.

மூடியை எடுத்தபின் எங்கள் தொழிலில் இரண்டு கட்சி. கிண்ணத்தை அப்படியே வைத்துத் துணியால் துடைத்தால் போதும் என்பது ஒன்று. துடைக்கும்போது அழுக்கு நடுவில் இருக்கும் துளைக்குள் விழுந்தால் நேரே கிராங்க்குக்குத்தான் போகும், ஆகவே கிண்ணத்தையே கழற்றிப் பெட்ரோலில் கழுவு என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதைப் பிடித்திருக்கும் நட்டுக்கு மூலை கிடையாது. வட்டமான நட்டு, விளிம்பில் நான்கு வெட்டு. அதற்கான ஸ்பெஷல் டூல் கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் இருந்தது, தெருவோரப் பட்டறைக்கு அது எட்டாது.

நட்டின் முகத்தில் மை தடவி, அதே அகலமுள்ள குழாயின் வாயில் அழுத்தினோம். நான்கு வெட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அந்த இடங்களை விட்டுவிட்டு மிச்சத்தை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தால் நான்கு பல் நிற்கும். மறுமுனையில் குறுக்குக் கம்பியைப் பற்றவைத்தால் டி ஸ்பேனர். ஜி.ஐ. பைப்பில் அறுத்தவர்களுக்கு இறுகிய நட்டில் பல் வளைந்தது. பிறகு வாய் தேய்ந்த பழைய பாக்ஸ் ஸ்பேனரை கிரைண்டரில் கடைந்து பல் எடுத்தார்கள், அது வருஷக்கணக்கில் நின்றது. கழற்றும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க இரண்டு கியருக்கு நடுவில் செம்புத் துண்டைக் கொடுப்போம். இரும்பைக் கொடுத்தால் பல்லைக் கடித்துவிடும். சில வருஷத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இதே ஸ்பேனர் அச்சடித்ததுபோல விற்பனைக்கு வந்தது. பட்டறைக்காரன் கைவேலையைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்பது என் எண்ணம்.

2009 வாக்கில் புல்லட்டிலேயே பழைய இரும்பு என்ஜின் போய் யூனிட் என்ஜின் வந்தது. காகித ஃபில்டர், எல்லாம் எம்.எம். அளவு. லாரிப் பட்டை ஸ்பேனருக்கு அதில் வேலை இல்லை. பழைய வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருப்பவர்கள் வந்தால் எடுக்கிறேன்.

வடித்த ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. அதைச் சாக்கடையில் விட்ட பட்டறைகளும் உண்டு, அது அயோக்கியத்தனம். எங்கள் டிரம்மைச் சென்டரிங் மேஸ்திரிகள் வாங்கிப்போவார்கள். பலகையில் தடவினால் கான்கிரீட் ஒட்டாது. மரவாடிக்காரர்கள் கரையானுக்காகக் கேட்பார்கள். பட்டறைப் பையன்களின் டீக்காசு அதில்தான் தேறியது. 1989-ல் அபாயக் கழிவு விதிகள் வந்தன. இப்போது மறுசுத்திகரிப்புக்காரர்கள் வண்டியோடு வந்து டிரம்மை எடுத்துப்போகிறார்கள். சென்டரிங் ஆட்கள் இன்னும் கேட்டு வருகிறார்கள், "கொடுக்கக் கூடாதுண்ணே" என்று திருப்பி அனுப்புகிறேன்.