கயிறு பிடித்தவர்களின் கல்வி

உழவர்கரை என்ற பெயருக்குள் உழவு இருக்கிறது. ஆனால் இன்று அந்த ஊரில் ஓயாமல் நடக்கும் தொழில் வீடு கட்டுவதுதான். பிரெஞ்சுக்காரர் நாவில் ‘ஊல்காரே’ என்று உருமாறி, 1880-ஆம் ஆண்டின் ஆணைப்படி ‘கொம்யூன்’ என்னும் உள்ளாட்சிப் பிரிவாக அமைந்து, புதுச்சேரி நகரத்துக்குப் புறத்தே வயலும் தோப்பும் ஏரிக்கரையுமாகக் கிடந்த இந்தப் பகுதி, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மூன்று லட்சம் மக்கள் வாழும் நகராட்சியாக வளர்ந்துவிட்டது. அத்தனை பேருக்கும் சுவர் எழுப்பித் தளம் போட்ட கைகளைப் பற்றி நாம் ஒருவாறு அறிவோம். அந்தக் கைகளை ஒழுங்குபடுத்தி, செங்கல் வரவேண்டிய நாளில் செங்கல்லும், தச்சர் வரவேண்டிய நாளில் தச்சரும் வந்து சேரும்படி காரியத்தை நடத்திய அறிவைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை.

அந்த அறிவுக்கு இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் ‘கட்டுமானத் திட்ட மேலாண்மை’ என்று பெயர் சூட்டி, அதற்கெனப் பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும் வகுத்திருக்கின்றன. இந்தப் படிப்பு நேற்று அந்நிய நாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை என்று கருதுவோர் உண்டு. பெயரும் பட்டமும் புதியவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். பொருளோ மிகப் பழையது. அதன் சரித்திரத்தைத் தேடி உழவர்கரைக்காரர் தொலைதூரம் போகவேண்டியதில்லை.

சிற்ப சாஸ்திர நூலான மயமதம், கட்டடத் தொழில் செய்வோரை நால்வகையாகப் பிரித்துக் கூறுகிறது. முழுமையும் உணர்ந்து பொறுப்பேற்பவன் ஸ்தபதி; கல்லையும் மரத்தையும் அளவுக்குச் செதுக்குபவன் தக்ஷகன்; செதுக்கியவற்றை இணைத்து எழுப்புபவன் வர்த்தகி; இவர்களிடையே, ஸ்தபதியின் புத்திரனாகவோ சீடனாகவோ இருந்து, அவன் மனத்தில் உள்ளதைத் தரையில் அளந்து காட்டுபவன் சூத்திரக்கிராகி. சூத்திரம் என்றால் கயிறு. சூத்திரக்கிராகி என்றால் கயிறு பிடிப்பவன். நினைப்புக்கும் நிலத்துக்கும் நடுவே நின்று, யார் எங்கே எதைச் செய்யவேண்டும் என்று கோடிட்டுக் காட்டும் இந்தப் பணியே இன்றைய திட்ட மேலாளர் பணியின் மூலவித்து என்று நான் கருதுகிறேன். இந்த நூலைச் செம்மையாகப் பதிப்பித்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டவர் புரூனோ தகான்ஸ் என்னும் அறிஞர் என்பதும், 1970-களில் அது வெளிவந்த இடம் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்பதும், இந்த மண்ணுக்கும் அந்தச் சாஸ்திரத்துக்கும் உள்ள உறவை நினைத்து மகிழத்தக்க செய்திகள்.

சாஸ்திரம் ஏட்டில் இருக்க, வழக்கில் அந்த அறிவு கொத்தனார் பரம்பரையில் வாழ்ந்தது. புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் மெட்ராஸ் தளம் தெரிந்திருக்கும்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவசத்தில் மூலைவாட்டாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, தட்டோடு பதித்து முடிக்கும் வேலை அது. இந்த வேலையின் முதல் நாள் தளத்தின்மேல் தொடங்குவதில்லை. அதற்குப் பல வாரம் முன்னர், சுட்ட சுண்ணாம்பைக் குழியிலிட்டு நீர்விட்டு ஊறவைப்பதில் தொடங்குகிறது. சுண்ணாம்பு ஊறுவதற்குள் சுவர் தளமட்டம் ஏறவேண்டும். தளம் இடித்து முடிப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளக் கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தயாராக இருக்கும் நாளில் இடிப்பதற்கு ஆள் இல்லாமற் போகக் கூடாது. எழுத்தறியாத மேஸ்திரி இந்தக் கால அட்டவணை முழுவதையும் நெஞ்சிலே எழுதிவைத்து நடத்தினார் என்றால், அதைக் கல்வி என்றல்லாமல் வேறு எப்பெயரால் சொல்வது?

இந்தக் கல்விக்குப் பெரிய சோதனை ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. 1761-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த புதுச்சேரி, கோட்டையும் மாளிகையும் வீடுகளும் தரைமட்டமாக இடிக்கப்பட்டுப் பாழாய்க் கிடந்தது. பாரிஸ் உடன்படிக்கையின்படி அது பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியபோது, 1765-இல் பொறுப்பேற்க வந்த ழான் லா தெ லோரிஸ்தோன், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமில்லாத ஒரு நகரத்தையே பெற்றார். லாஸ்பேட்டை என்று நாம் அன்றாடம் உச்சரிக்கும் பெயருக்குள் இருக்கும் ‘லா’ அவரே. பழைய வீதிகளின் அமைப்பை ஒட்டியே நகரம் மறுபடி எழுந்தது. தாய்நாட்டிலிருந்து வரும் பணமோ சொற்பம். நிர்வாகத்தை நடத்திவந்த வணிகக் கம்பெனியின் தனியுரிமையே 1769-இல் நிறுத்திவைக்கப்பட்டது. காலம் குறுகி, பொருள் சுருங்கி, தேவை மட்டும் பெருகி நிற்கும் நிலையில் எதை முதலில் கட்டுவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் விவேகமே மேலாண்மைப் படிப்பின் முதற்பாடம் என்றால், அந்தப் பாடத்தை ஒரு நகரமே கூடிப் படித்தது அப்போதுதான்.

அடுத்த பாடம் உழவர்கரைக்குள்ளேயே நிகழ்ந்தது. கடலை ஒட்டிய நகரத்துக்கு நல்ல குடிநீர் இல்லாத குறையைப் போக்க, மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், லாமரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முத்திரையர்பாளையத்து நீரைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக நிற்பதே நகரப் பூங்காவின் நடுவிலுள்ள ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டிய ஆயி என்னும் பெண்ணின் கதையை ஊரார் இன்றும் சொல்வார்கள். கதை எப்படியிருப்பினும், நீர் தானாகவே ஓடவேண்டுமானால் வழி நெடுகிலும் வாட்டம் தவறக் கூடாது. ஓரிடத்தில் விரற்கடை பிசகினாலும் அடுத்த இடத்தில் நீர் தேங்கி நிற்கும். பல குழுக்கள் பல இடங்களில் ஏககாலத்தில் தோண்டும்போது, அத்தனை பேரும் ஒரே மட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கச் செய்வது எளிய காரியமன்று. லாமரெஸ் பெயர் ஏடுகளில் நிற்கிறது. அந்த மட்டத்தைத் தம் தூக்குக்குண்டாலும் ரசமட்டத்தாலும் காப்பாற்றிய உழவர்கரைக் கூலியாட்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் நிற்கவில்லை. மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்த எண்ணம் என் மனத்தை வருத்துகிறது.

மூன்றாவது பாடம் காலத்தைப் பற்றியதுபோலத் தோன்றித் தரத்தைப் பற்றியதாக முடிந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்காக 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் நிறைவுற்ற ‘கோல்கொண்டா’ என்னும் விடுதி, இந்தியாவிலேயே வலுவூட்டிய கான்கிரீட்டால் நவீன பாணியில் எழுந்த முதல் கட்டடங்களுள் ஒன்று என்று கட்டடக்கலை வல்லுநர்கள் போற்றுவது. தோக்கியோவில் தொழில் நடத்திவந்த அந்தோனின் ரேமண்ட் அதை வடிவமைத்தார். பிரான்திசெக் சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் களத்திலேயே தங்கி வேலையை நடத்தினார்கள். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நன்கொடை கிடைத்தது. வைரம் விளைந்த கோல்கொண்டாவின் பெயரை விடுதி பெற்றதும் அதனால்தான். ஆசிரமத்துச் சாதகர்களே பெருமளவில் வேலையாட்களாக நின்றார்கள். கான்கிரீட்டை முன்பின் கண்டறியாத கைகள் அதைக் கலந்து, ஊற்றி, பிழை கண்டு, திருத்திக் கற்றன. கதவுகளுக்கான பித்தளைப் பொருத்துகள் ஆசிரமத்துக்குள்ளேயே வார்க்கப்பட்டன. இன்ன தேதிக்குள் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடி அங்கே இல்லை. ஆயினும் கருவியும் பொருளும் சிந்தாமல் சிதறாமல் கணக்கில் வைக்கப்பட்டன. அவசரமின்மை வேறு, ஒழுங்கின்மை வேறு என்பதற்கு அந்தக் கட்டடம் பிரத்யட்ச சாட்சியாக இன்றும் நிற்கிறது.

வேலைக்களத்தில் இவ்வாறு வளர்ந்த அறிவு, கல்விக்கூடத்தில் வேறு வழியே வளர்ந்தது. பாரிஸில் பாலங்களுக்கும் பாதைகளுக்குமான பள்ளி 1747-இல் தோன்றியது. அப்போது புதுச்சேரியின் கவர்னராக இருந்தவர் துய்ப்ளே. சென்னையில் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே படிப்படியாக வளர்ந்து, 1859-இல் பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகு, 1960-களில் லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு பெயரால் அரசு பாலிடெக்னிக் அமைந்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டுமானப் பட்டயக் கல்வியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 1984-இல் உழவர்கரையின் வடபுறத்துப் பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரி தோன்றியது. 2020-இல் அதுவே புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இந்தக் கூடங்கள் நெடுங்காலம் கற்பித்தது பெரும்பாலும் பாரம் தாங்கும் கணக்கு. அதாவது உத்தரம் எவ்வளவு தடிக்கவேண்டும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழவேண்டும் என்பது. வேலையை நடத்தும் கலையைத் தனிப் படிப்பாகக் கருதும் எண்ணம், 1957-இல் அமெரிக்காவில் கெல்லி, வாக்கர் என்னும் இருவர் ‘முக்கியப் பாதை’ முறையை வகுத்த பின்னரே வலுப்பெற்றது. நம் நாட்டில் 1983-இல் கட்டுமான மேலாண்மைக்கும் ஆராய்ச்சிக்குமான தேசிய நிறுவனம் தோன்றியது; சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களிலும் இந்தக் கலை முதுகலைப் படிப்பாக வேரூன்றியது. ஒப்பந்தச் சட்டம், மதிப்பீடு, அளவுக் கணக்கு, கால அட்டவணை, தொழிலாளர் பாதுகாப்பு என்று அதன் பாடங்கள் விரிகின்றன.

‘முக்கியப் பாதை’ என்னும் சொல்லின் பொருளை நான் முழுமையாக உணர்ந்தது புத்தகத்தில் அன்று; லாஸ்பேட்டையில் ஒரு மனையில். மேல்தளம் போடும் வாரம் அது. நூலைக் கட்டி உத்தரத்தின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி. நூலின் மறுமுனையைச் சித்தாள் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் பிடித்திருந்தாள். களப்பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் அட்டவணைக் காகிதத்தை நீட்டினார். மேஸ்திரி அதை நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “தம்பி, வெள்ளிக்கிழமை கான்கிரீட்டுன்னு போட்டிருக்கீங்க. வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வரமாட்டார், அவங்க ஊர்ல தேர்” என்றார்.

“அப்ப என்ன செய்யலாம், மேஸ்திரி?”

“கம்பி கட்டறதுக்கு ரெண்டு ஆள் கூடப் போட்டுச் செவ்வாய்க்கிழமையே முடிச்சிடுவோம். புதன்கிழமை அவர் வந்து பைப் போட்டுட்டுப் போகட்டும். கீழே பூச்சு வேலை ரெண்டு நாள் நின்னா ஒண்ணும் கெட்டுப்போகாது.”

சென்டரிங் அடித்து, கம்பி கட்டி, மின்குழாய் பதித்த பின்னரே கான்கிரீட் ஊற்ற முடியும். ஊற்றிய பின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, முட்டுகளைப் பிரிக்கத் தளத்தின் வீச்சுக்கேற்ப நாள் கணக்கில் காத்திருக்கவேண்டும். இந்தத் தொடரில் ஒரு நாள் தாமதித்தால் வீடே ஒரு நாள் தாமதிக்கும். கீழ்ச்சுவரின் பூச்சோ இரண்டு நாள் பொறுக்கும். எது பொறுக்கும், எது பொறுக்காது என்று பகுத்து, பொறுக்காத இடத்தில் ஆளைக் கூட்டி நாளைக் குறைப்பதே அமெரிக்கர் இருவரும் கணித முறையில் சொன்னது. மேஸ்திரி சொன்னதும் அதுவே. மாணவர் உடனே கூடுதல் ஆட்களின் கூலியையும், கலவை இயந்திரத்தின் வாடகை ஒரு நாள் வீணாவதையும் கூட்டிப் பார்த்து, மேஸ்திரியின் யோசனையே லாபம் என்று எண்ணால் காட்டினார். மேஸ்திரிக்குத் தெரிந்தது மாணவருக்கும், மாணவருக்குத் தெரிந்தது மேஸ்திரிக்கும் அந்தக் கால்மணி நேரத்தில் கைமாறியது. இத்தகைய கைமாற்றம் நிகழாத பட்டப்படிப்பு எத்தனை நேர்த்தியாக அச்சிடப்பட்டாலும் குறைப்படிப்பே.

இப்படிப்பை நாடும் இளைஞர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. அட்டவணையில் ‘ஆட்கள்’ என்று ஒரு கட்டத்தில் எழுதிவிடும் எண்ணுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். கட்டடத் தொழிலாளரின் வேலையையும் நலனையும் காக்கத் தனிச் சட்டமே 1996-இல் வந்துவிட்டது. அதைக் களத்தில் உயிரோடு வைத்திருப்பது மேலாளரின் கையில் இருக்கிறது. கிண்டியில் கட்டடப் பொறியியல் கற்றுத் தேர்ந்த பி. கே. திரேசியா, 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார். ஒரு பெண் அத்தனை உயரம் ஏறி அரை நூற்றாண்டு கடந்த பின்னும், நம் வேலைக்களங்களில் பல ஆண்டு கல்லும் கலவையும் சுமந்த பெண், பெரும்பாலும் சித்தாளாகவே தொடங்கிச் சித்தாளாகவே முடிகிறாள். கரண்டி பிடித்துக் கொத்தனாராகும் வழி அவளுக்கு இன்னும் திறக்கவில்லை.

மயமதம் கூறும் கயிறு பிடிப்பவன், குருவிடம் கற்றுக்கொண்டே பணிசெய்யும் சீடன். அன்று லாஸ்பேட்டையில் மட்டம் பார்த்து முடித்ததும் மாணவர் ஒரு காரியம் செய்தார். சித்தாளின் கையிலிருந்த நூல்முனையைத் தாம் வாங்கிக்கொண்டு, ரசமட்டத்தை அவளிடம் நீட்டி, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவள் தலைத்துணியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து பார்த்து, “கொஞ்சம் கிழக்கே தாழ்ந்திருக்கு” என்றாள். மேஸ்திரி வந்து பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. உத்தரத்தின் கிழக்குக் கோடியில் முட்டை ஒரு நூல் உயர்த்தினார்கள்.