எந்தக் கல்லிலிருந்து?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனி ஞாயிறில் ஜிஐஎஸ் பயிற்சி ஒன்றில் பாடம் எடுக்கப் போயிருந்தேன். ஊராட்சி வேலை பார்ப்பவர்கள், இரண்டு கல்லூரி மாணவிகள், நில அளவைத் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்று பதினெட்டுப் பேர். நான் மென்பொருள்காரன். வரைபடத்தை அதுவரை திரையில் மட்டுமே கையாண்டவன்.

முதல் நாள் பாடம் எளியது. பக்கத்து ஏரி ஒன்று இருக்கும் பழைய டோப்போ ஷீட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். தாளின் நான்கு மூலைகளிலும் அட்சரேகை, தீர்க்கரேகை அச்சாகியிருக்கும். க்யூஜிஐஎஸ்ஸில் அந்த மூலைகளைச் சொடுக்கி எண்களை உள்ளிட்டால் தாள் பூமிமேல் தன் இடத்தில் போய் உட்காரும். 'எந்த ஆயமுறை?' என்று மென்பொருள் கேட்கும். பட்டியலில் முதலில் நிற்கும் டபிள்யூஜிஎஸ் 84ஐத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னேன். எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஏரியின் எல்லையை வரைந்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தோம்.

ஏரிக்குள் ஒரு தெரு இருந்தது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு வீடுகள்.

"சார், பக்கா ஆக்கிரமிப்பு!" என்றாள் மாணவிகளில் ஒருத்தி. ஊராட்சிக்காரர் ஒருவர், "இதை ப்ரிண்ட் எடுத்துக்கலாமா? மனு குடுக்க வசதியா இருக்கும்" என்றார். ஏரி வறண்டு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததால் படத்தில் நீர்ப்பிடிப்பின் விளிம்பு தெரியவில்லை. எதிர்ப்பக்கம் கரை விலகி நின்றதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஆக்கிரமிப்பைத் தேடுகிற கண்ணுக்கு ஆக்கிரமிப்புதான் தெரியும்.

பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் தெருவுல என் சம்பந்தி வீடு இருக்கு தம்பி. எந்த மழைக்கும் அங்க தண்ணி நின்னு நான் பாத்ததில்ல. நீங்க எந்தக் கல்லுல இருந்து அளந்தீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து அதைத் துரத்தியதில் 200 வருடங்கள் பின்னால் போக வேண்டியதாயிற்று.

1794 மே மாதம் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கியது. மாணவர்கள் எட்டுப் பேர். கிண்டி பொறியியல் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது இந்தப் பள்ளியைத்தான். இதற்குக் காரணமானவர் மைக்கேல் டாப்பிங். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தைக் கட்டியவரும் அவர்தான். அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் தமிழ், தெலுங்குக் கல்வெட்டுகளோடு நிற்கிறது. டாப்பிங்குக்குத் தேவைப்பட்டவர்கள் குறைந்த சம்பளத்துக்கு வெயிலில் வேலை செய்யக்கூடிய உதவியாளர்கள். அவர்களை எழும்பூர் ஆண்பிள்ளைகள் அனாதை விடுதியிலிருந்து எடுத்தார். பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள். இந்தியத் தாயின் மகனுக்குத் தன் மேல்நிலைப் பதவிகள் கிடையாது என்று கம்பெனி உத்தரவு போட்டது 1791இல். கதவு அடைபட்ட வீட்டுக்குச் சன்னல் மாதிரி வந்தது நில அளவை.

அந்த விடுதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அங்கே நடத்திய முறை பிற்பாடு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருவான், மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் பெல்லுக்கு அந்த யோசனையே வந்தது. நில அளவைப் பள்ளிக்குப் போன பையன்கள் ஏற்கெனவே கையால் கற்றுப் பழகியவர்கள். பள்ளியிலும் கணக்கும் வடிவியலும் கொஞ்சம், மீதியெல்லாம் வெளியில்தான்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களால் மூடிய மாபெரும் அளவை அங்கேதான் ஆரம்பம். கருவி நூறடி எஃகுச் சங்கிலி. அதை அப்படியே தரையில் இழுத்துப் போடவில்லை. முக்காலிகள்மேல் மரப்பெட்டிகள், பெட்டிகளுக்குள் சங்கிலி, பக்கத்தில் வெப்பமானி. ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தாக வேண்டும், ஏனென்றால் எஃகு வெயிலில் நீளும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்து டிகிரி பாரன்ஹீட் பிசகினால் ஏழரை மைலில் இரண்டரை அடி போய்விடும். ஏப்ரல் மாதத்துப் பரங்கிமலையில் காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் ஒரு பொருட்டா? அந்தச் சங்கிலியை நானூறு தடவை தூக்கி வைத்து அளந்தார்கள். இரண்டு வருடம் கழித்து பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோடு அளந்து, முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் சில அங்குலம்தான்.

லாம்டனின் உதவியாளர்கள் அந்தச் சென்னைப் பள்ளியில் படித்தவர்கள். ஜோஷுவா டி பென்னிங் அவர்களில் ஒருவர். லாம்டனிடம் இருபது வருடம் உழைத்து, அவர் 1823இல் இறந்த பிறகு எவரெஸ்டிடமும் வேலை பார்த்தவர். எவரெஸ்ட் பெயரில் சிகரம் இருக்கிறது, டி பென்னிங்கை கூகுளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவர்கள் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளையம் நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். முக்கியம் என்னவென்றால், பிழை எங்கே நுழையும் என்று அவர்களுக்குத் தெரியும். நசுங்கிய கருவி நசுங்கியே தெரியும். என் திரையில் அப்படி எதுவும் நசுங்கவில்லை.

இனி என் தவறு. எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஒரு நீள்கோள வடிவம் கணித்தார். லாம்டனும் அவரும் அளந்த முக்கோணங்கள்தான் அதற்கு ஆதாரம். இந்தியாவுக்குப் பொருந்தும்படி செய்த வடிவம், அதனால் அதன் மையம் பூமியின் மையத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கிறது. பழைய டோப்போ ஷீட்டுகளின் மூலையில் இருக்கும் எண்கள் இந்தக் கோளத்தைச் சேர்ந்தவை. செயற்கைக்கோள் படமும் ஜிபிஎஸ்ஸும் பூமியின் மையத்தை வைத்துச் செய்த டபிள்யூஜிஎஸ் 84ஐச் சேர்ந்தவை. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் குறித்தால் நம் பக்கத்தில் சில நூறு அடி விலகும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கு வந்த புதிய தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இலேயே இருக்கின்றன. நான் ஸ்கேன் செய்தது அதற்கு முந்தைய தாள். எவரெஸ்ட் எண்களுக்கு வேறொரு கோளத்தின் சீட்டை ஒட்டி, பதினெட்டுப் பேரையும் ஒட்ட வைத்திருக்கிறேன். மென்பொருள் ஒரு முனகல்கூட முனகவில்லை. கேரி ஷெர்மன் க்யூஜிஐஎஸ்ஸை எழுதத் தொடங்கியது 2002, பரங்கிமலைச் சங்கிலிக்குச் சரியாக 200 வருடம் கழித்து. அதைக் குறை சொல்ல முடியாது, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுத்தான் வைத்தது. அலட்சியமாகப் பதில் சொன்னது நான்.

ஞாயிறு காலை எல்லோரிடமும் தப்பைச் சொல்லி, ஆயமுறையை மாற்றி மறுபடி செய்யச் சொன்னேன். ஏரி நகர்ந்தது. பத்து வீடுகள் வெளியே வந்தன. இரண்டு வீடுகள் கோட்டின்மேலேயே நின்றன.

"இந்த ரெண்டும் உள்ளயா வெளியயா சார்?" என்றாள் அந்த மாணவி.

பெரியவர் முந்திக்கொண்டார். "இந்த ஷீட் அம்பதாயிரத்துக்கு ஒண்ணும்மா. தாள்ல ஒரு மில்லிமீட்டர்னா தரையில அம்பது மீட்டர். கோட்டோட தடிமனுக்குள்ளயே ஒரு வீடு அடங்கிரும். இதுக்கு எஃப்எம்பி வேணும். முச்சந்திக் கல்லுல இருந்து கட்டிக்கிட்டு வரணும்."

எஃப்எம்பி என்பது ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியாக இருக்கும் புலப்படம். பக்க நீளங்களும், ஜி லைனிலிருந்து எடுத்த செங்குத்து அளவுகளும் இருக்கும். அட்சரேகையோ தீர்க்கரேகையோ இருக்காது. தரையில் நட்ட கல்தான் அதற்கு பூமி. முந்தைய நாள் அவர் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்டாப்புகளை மூடிவிட்டு, எஃப்எம்பி நகலும் டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மூன்று கிராம எல்லைகள் சந்திக்கும் இடத்தில் கல் இல்லை. பெரியவர் செருப்புக் காலால் தார் ரோட்டின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ரோடு போட்டப்ப முழுங்கிட்டானுங்க. பரவால்ல, வடக்க இன்னொண்ணு இருக்கு, வாங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் இறங்கினார்.