பெயருக்குள் ஒரு சாய்கோடு

இணையத்தில் ஒரு பாரத்தைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள் முன்னே நிற்கும். ஒன்று சொந்தப் பெயருக்கு, மற்றொன்று குடும்பப் பெயருக்கு. அடையாள அட்டையில் 'குமரன் ஏ/எல் முத்து' என்றுள்ள மலேசியர் இரண்டாவது கட்டத்தில் எதை எழுதுவார்? முத்து அவருடைய தந்தை. குமரனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சாய்கோட்டைச் சேர்த்து எழுதினால், 'தவறான குறி' என்று சில பாரங்கள் தள்ளிவிடும்.

கணினிமீது கோபப்பட்டுப் பயனில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

1953ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் இருவர் அருகருகே அமர்ந்தனர். ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித். மற்றவர் ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேர் ஸ்மித். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்! அதை வைத்தே பேச்சு தொடங்கியது. அந்த உரையாடலிலிருந்து பிறந்த 'சேபர்' என்னும் கணினி முன்பதிவு முறை 1964இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது.

விமான முன்பதிவில் குடும்பப் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு சொந்தப் பெயர் என்பது வழக்கம். அங்கே சாய்கோடு பெயர்களைப் பிரிக்கும் வேலி. நம் நாட்டிலோ, 'அனாக் லெலாக்கி' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கத்தில் அதே கோடு தந்தையையும் மகனையும் இணைக்கிறது. குறி ஒன்று, பொருள் இரண்டு. அதனால் குமரனுக்கு வரும் கடிதம் 'திரு. முத்து' என்று அழைக்கும். தாய்க்கு அவருடைய தந்தை பெயர், பிள்ளைக்கு முத்து என்று வரும்போது, ஒரே வீட்டார் கணினிக்கு அந்நியர்போல் தோன்றுவார்கள்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. இயந்திரம் படிக்கும் கடப்பிதழுக்கான அனைத்துலக விதி, பிரிக்க முடியாத பெயரை முழுவதும் ஒன்றாகவே எழுத இடம் தருகிறது. 2010இல், ஜப்பானில் பணிபுரிந்த அமெரிக்க மென்பொருளாளர் பேட்ரிக் மெக்கன்சி, பெயர்கள் பற்றி நிரலர்கள் கொண்டுள்ள 40 தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். உறவினர் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் பெயர் எல்லாருக்கும் உண்டு என்பதும் அவற்றுள் ஒன்று.

இன்று நம் பிள்ளைகள் பலரும் மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் போடுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே, சாய்கோட்டோடு எழுத விடுங்கள்.